வலது கால் தாண்டிய தூரம்

தாமரைச்செல்வி முதல் தடவை என் கிளினிக்குக்கு வந்தபோது அவள் அப்பா அன்பழகன்தான் பேசினார். குரும்பகரத்திலிருந்து மொபெட்டின் பின்சீட்டில், இடது காலை மடக்க முடியாமல் நீட்டியபடியே உட்கார்ந்து வந்திருந்தாள். முழங்கால் பரங்கிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

"விழிதியூரு வாலிபால் டோர்னமெண்டுல எகிறி அடிச்சிட்டு எறங்குச்சுங்க. 'டப்'புன்னு சத்தம் கேட்டுச்சாம், பெரட்டிக்கிட்டுது. நீவி விட்டுப் பாத்தோம், கட்டுப் போட்டுப் பாத்தோம். மூணு வாரம் வீட்டுலதான் கெடந்துது. வீக்கம் வத்திட்டுதேன்னு மறுபடி ஆடப் போச்சு. ரெண்டாவது பந்துலயே விழுந்துட்டுது."

அவளைப் படுக்க வைத்து, தொடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கீழ்க்காலை மறு கையால் முன்பக்கம் இழுத்துப் பார்த்தேன். நல்ல முழங்காலில் கொஞ்சம் நகர்ந்ததும் எலும்பு 'டக்'கென்று நின்றுவிடும். இவளுக்கு நிற்கவில்லை. தாழில்லாத கதவு மாதிரி வந்துகொண்டே இருந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுந்துடுச்சாக்கா?"

அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நான் சில்வியா, பிசியோதெரபிஸ்ட். காரைக்காலில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பாரதியார் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறைகள். வருகிறவர்கள் பெரும்பாலும் கழுத்து வலிக்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூட்டுத் தேய்ந்தவர்கள். நான் மேல்படிப்பு படித்தது விளையாட்டுக் காயங்களில். அந்தப் படிப்புக்கு இந்த ஊரில் வேலை வந்ததேயில்லை. தாமரை வந்த அன்று, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவளுக்காக வருத்தப்பட்ட அதே நேரத்தில் எனக்குள் ஒரு சுறுசுறுப்பும் வந்தது.

அப்போது அவளுக்கு வயது இருபத்துநான்கு. ஐந்தே முக்கால் அடி உயரம். வாலிபாலில் அட்டாக்கர், வலைக்கு மேலே எகிறி அடிக்கிறவள். பாண்டிச்சேரி அணிக்காக மூன்று வருடம் ஆடியிருந்தாள். பி.காம். முடித்துவிட்டு வேறு எந்த வேலைக்கும் எழுதிப் போடாமல், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏதாவது ஒரு டிபார்ட்மெண்ட் டீம் எடுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். வலது கையால் அடிப்பவர்கள் பெரும்பாலும் இடது காலில்தான் இறங்குவார்கள். அந்த ஒற்றைக் காலில் உடம்பு முழுதும் வந்து விழும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கினால் போதும், நடுவில் இருக்கிற ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துவிடும். அறுந்ததோடு அவள் மறுபடி ஆடியதில் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வும் கிழிந்திருந்தது. ஸ்கேனில் இரண்டும் தெரிந்தது.

ஆகஸ்ட் மாதம் பாண்டியில் ஆபரேஷன் நடந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, அறுந்த இடத்தில் எலும்பைத் துளைத்துப் பொருத்தினார்கள்; கிழிந்த ஜவ்வையும் தைத்தார்கள். நான்காம் நாள் கட்டோடு வந்தாள். காலை ஊன்றி நிற்கச் சொன்னேன். அன்பழகன் பதறிவிட்டார்.

"ஆபரேஷன் பண்ணி நாலு நாளுதான ஆவுது? ஊனச் சொல்றீங்களே, பிச்சிக்கிட்டுப் போயிடாதுங்களா?"

"அந்தக் காலத்துலதாங்க மாசக்கணக்குல கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருப்பாங்க. இப்ப அப்படி இல்ல. சும்மா வச்சிருந்தா தொடைச் சதை கரைஞ்சி போயிடும். அப்புறம் நாரு நல்லா இருந்தும் பிரயோசனமில்லை."

அவர் நம்பவில்லை. தாமரை நம்பினாள். ஊன்றி நின்றாள். வலியில் உதட்டைக் கடித்தாளே தவிர என் கையைப் பிடிக்கவில்லை.

வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸில் வருவாள். முதலில் முழங்காலை முழுசாக நீட்டுவது. பிறகு தொடைச் சதையை எழுப்புவது. ஆபரேஷனுக்குப் பிறகு மூளைக்கும் அந்தச் சதைக்கும் பேச்சு நின்றுபோய்விடும். இறுக்கு என்றால் இறுகாது. கரண்ட் வைத்து அதை உசுப்பிவிட வேண்டும். அதிக எடை தூக்க முடியாத காலத்தில், தொடையின் மேற்பகுதியில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை அளவோடு குறைத்துவிட்டு, இரண்டு கிலோ எடையிலேயே இருபது கிலோ தூக்கிய அசதியை வரவைக்கிற முறை ஒன்று இருக்கிறது. இணையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன். அதை முதலில் செய்து பார்த்தது அவளுக்குத்தான். பட்டையை அவிழ்க்கும்போது அவள் கால் கிடுகிடுவென்று ஆடும். "யக்கா, காலு என்னுது மாதிரியே இல்ல" என்று சிரிப்பாள்.

மூன்றாம் மாதம் வலி சுத்தமாகப் போய்விட்டது. அதுதான் மோசமான காலம். வைத்துப் பொருத்திய நார், பழையது செத்துப் புதியது வளரும் இடைவெளியில், அப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். ஆனால் ஆளுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். கிரவுண்டுப் பக்கம் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். போகவில்லை. அவள் கோச் நவநீதன், தனியார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், இரண்டு முறை போன் செய்து கேட்டார். "நின்னுக்கிட்டு சர்வீஸ் மட்டும் போடட்டுமேங்க." வேண்டாம் என்றேன். தாமரையும் வேண்டாம் என்றாள்.

ஐந்தாம் மாதம் ஓட ஆரம்பித்தாள். கடற்கரைக்குப் போகிற சாலையில், அரசலாற்றை ஒட்டி, விடிந்த பிறகு நானும் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே போவேன். ஆறாம் மாதம் படியிலிருந்து குதித்து இறங்கினாள். முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குகிறாளா என்று போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்தி அவளுக்கே காட்டுவேன். ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருபத்துநாலு வயசுல குதிக்கக் கத்துக்கிறேங்க்கா நான்."

அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. இன்று வரை அந்தப் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தால், அந்த எட்டு மாதத்தில் நாங்கள் செய்த தவறு ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் நவநீதன் வந்தார், கையில் ஒரு சுற்றறிக்கையோடு. ஒரு மத்திய அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று இடம். மே மூன்றாம் தேதி சென்னையில் தேர்வு. வயது வரம்பு இருபத்தைந்து. தாமரைக்கு இந்த ஜூலையோடு தாண்டிவிடும். ஆபரேஷன் ஆனவர்கள் உடல்தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும். பாண்டி சர்ஜன், நான் எழுதிக் கொடுத்தால் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஒன்பது மாதம் முடிவதற்குள் போட்டிக்குத் திரும்பினால் நார் மறுபடி அறுகிற வாய்ப்பு பல மடங்கு. மே மூன்றில் எட்டரை மாதம்தான் ஆகியிருக்கும். அதைவிட முக்கியம், சோதனை. ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாண்டி அதே காலில் இறங்க வேண்டும். அடிபட்ட கால் தாண்டுகிற தூரம், நல்ல கால் தாண்டுகிற தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது இருக்க வேண்டும். பெரிய ஊர்களில் கால் பலத்தை அளக்க இயந்திரம் இருக்கிறது. என்னிடம் இருந்தது தரையில் ஒட்டிய அளவு நாடா மட்டும்.

அன்றே தாண்டச் சொன்னேன். வலது கால் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர். இடது நூற்றுப் பதினாறு.

"எத்தினிக்கா?"

"எழுபத்தொம்பது."

அவள் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னும் மூணு வாரம் இருக்குல்ல?"

"இருக்கு."

மூன்று வாரத்தில் அவ்வளவு ஏறாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் தினம் வந்தாள். நடுவில் ஒரு நாள் அன்பழகன் என்னைத் தனியாக அழைத்து, "கெடச்சிடுமாம்மா?" என்று கேட்டார். "சான்றிதழ் கெடச்சா தேர்வு ஆயிடும்னு நவநீதன் தம்பி சொல்லுது. வேற வேலைக்கெல்லாம் இது எழுதிப் போடவே இல்லீங்க. அஞ்சாறு வருசமா இதேதான்." முயற்சி செய்கிறோம் என்று சொன்னேன்.

ஏப்ரல் இருபத்தெட்டு, காலை பத்தரை மணி. மறுசோதனை. வலது காலில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். கோட்டில் நின்றாள், தாண்டினாள். நூற்று இருபத்தொன்பது. மூன்று தடவை தாண்ட வேண்டும், அதில் அதிகமானதைக் குறிக்க வேண்டும். நூற்று இருபத்தாறு. நூற்று இருபத்தெட்டு. பிறகு இடது கால். அதில் அவள் முகம் மாறியது. கைகளைப் பின்னால் வீசி, மூச்சை அடக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் தாண்டினாள். நூற்றுப் பதினெட்டு.

கால்குலேட்டரில் போட்டேன். தொண்ணூற்றொன்று புள்ளி ஐந்து.

தாளில் மேல் வரிசையில் போன தடவையின் எண்கள் இருந்தன. இடது கால் இரண்டு சென்டிமீட்டர்தான் கூடியிருந்தது. வலது கால் பதினெட்டு குறைந்திருந்தது.

"வலது ஏன் கொறஞ்சுது தாமர?"

அவள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நேத்து உளுந்து புடுங்கப் போனேங்க்கா. காலெல்லாம் ஒரே அசதி."

உளுந்து பிடுங்கினால் இரண்டு காலும்தானே அசந்திருக்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு ஒரு நொடி கூட ஆகியிருக்காது. கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் நவநீதனும் அன்பழகனும் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாதமாக நான் தூக்கி நிறுத்திய முதல் விளையாட்டு வீராங்கனை என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் கிளினிக்கின் பெயரைப் போட்டு, அவள் எகிறி அடிக்கிற படத்தைப் போட்டு, ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நான் எப்போதோ நினைத்து வைத்திருந்தேன். அதுவும் அந்த நேரத்தில் மனசில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சதவீதத்தை எழுதினேன். தகுதி என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அன்பழகன் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாமரை வாசல் வரை போனவள் திரும்பி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மே மூன்றாம் தேதி மதியம் இரண்டரை மணிக்குப் போன் வந்தது. அவள்தான். பின்னால் விசில் சத்தமும் பந்து அடிபடும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"அக்கா, சத்தம் கேட்டுச்சுக்கா."

"என்ன சத்தம்?"

"அதே சத்தம்."

பிறகு நவநீதன் போனை வாங்கி நடந்ததைச் சொன்னார். காலையில் நடந்த இரண்டு ஆட்டத்திலும் அவள்தான் அதிகப் புள்ளி எடுத்தாளாம். தேர்வாளர் ஒருவர் அவள் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டாராம். மூன்றாவது ஆட்டத்தில் கொஞ்சம் பின்னால் போய்விட்ட பந்தை விடாமல் எட்டி அடித்தாள். இடது காலில் இறங்கினாள். அவ்வளவுதான். ஆட்டம் ஐந்து நிமிடம் நின்றது. அவளை ஓரத்தில் படுக்க வைத்துவிட்டு வேறு பெண்ணை இறக்கி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். "நாங்க இன்னும் கிரவுண்டுலதான் இருக்கோம். வண்டிக்குச் சொல்லிருக்கேன்" என்றார்.

ஸ்கேனில் புது நார் முழுக்க அறுந்திருந்தது. தைத்து வைத்திருந்த ஜவ்வு திரும்பவும் கிழிந்து, இந்தத் தடவை மற்ற பக்கத்து ஜவ்வும் சேர்ந்து கிழிந்திருந்தது. எலும்பின் மேல் இருக்கிற வழவழப்பான பூச்சிலும் ஒரு இடம் பெயர்ந்திருந்தது. பாண்டி சர்ஜன் இரண்டாவது ஆபரேஷன் செய்யலாம் என்றார், நல்ல காலிலிருந்து நார் எடுத்து. ஆனால் அது நடக்கவும் மாடி ஏறவும்தான். விளையாட இல்லை. முப்பத்தைந்து வயதுக்குள் மூட்டுத் தேய்ந்துவிடும் என்பதையும் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் போன் செய்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்பரெல்லாம் சரியாத்தானே இருந்துது?"

"இருந்துது சார்" என்றேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே குரும்பகரத்துக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்கு அதுவரை போனதில்லை. அன்பழகனும் அவர் மனைவியும் நாற்றங்காலுக்குப் போயிருந்தார்கள். தாமரை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். நான் தடுத்தேன். தொடையைப் பார்த்தேன். ஒரே மாதத்தில் இடது தொடை வற்றிப் போயிருந்தது. எட்டு மாதம் கட்டி எழுப்பியது.

"வாங்கக்கா. டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். "தாமர, அன்னைக்கு ஒன் வலது காலு நம்பர நான் பாத்தேன். பழசு பக்கத்துலயே இருந்துது. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "நீங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியுங்க்கா."

"எப்படி?"

"கால்குலேட்டர்ல போட்டுட்டு ரொம்ப நேரம் எழுதாம இருந்தீங்க. கேட்டுடுவீங்க, கேட்டுடுவீங்கன்னே இருந்தேன்." போனைத் திருப்பிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். "நீங்க கேட்டதும் உளுந்துன்னு வாயில வந்துது. உளுந்து அதுக்கு முந்தின வாரமே புடுங்கி முடிச்சாச்சு."

"நான் மறுபடி கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதை அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எதுக்குக்கா? நான்தான கொறச்சித் தாண்டுனேன்." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு வருசம் ஆடாம இருந்திருந்தா காலாவது இருந்திருக்கும். ஆடினதுல வேலையும் இல்ல, காலும் இல்ல" என்றாள். அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததேயில்லை.

"ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிக்க. நான் கூட வர்றேன்."

"எதுக்கு? மாடி ஏறவா? எங்க வீட்டுல மாடியே இல்லையேக்கா."

எவ்வளவோ சொன்னேன். ஆபரேஷன் இல்லாவிட்டாலும் பயிற்சியாவது செய்யலாம், தொடைச் சதையைப் பலப்படுத்தினால் முழங்கால் நழுவுவது குறையும், எதையும் செய்யாமல் விட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும் என்றெல்லாம். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். எல்லாம் உண்மை. நான் புறப்படும்போது, "செவ்வாக்கெழம வர்றேங்க்கா" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் வந்தாள். ஜூலையில் மூன்று செவ்வாய்க்கிழமைகள். சைக்கிள் மிதித்தாள், சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்தாள், சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஒரு தடவை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முழங்கால் நழுவி ரோட்டில் விழுந்திருக்கிறாள், உள்ளங்கை சிராய்ந்திருந்தது. மருந்து போட்டுவிட்டேன். புதிய நோயாளிகளுக்கு எழுதுகிற தாளில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். போன வருடத் தாளில் 'டிபார்ட்மெண்ட் டீம்' என்று அவள் தன் கையாலேயே எழுதியிருந்தாள். இந்த வருடத் தாளை நீட்டி, "என்ன எழுதலாம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணும் எழுத வேண்டாங்க்கா."

நான்காவது செவ்வாய்க்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நவநீதனைக் கேட்டேன். தன் போனையும் எடுப்பதில்லை என்றார். ஆகஸ்ட் நடுவில், ஆபரேஷன் ஆகிச் சரியாக ஒரு வருடம் ஆகியிருந்த சமயம், அன்பழகனுக்கு அடித்தேன். வயலில் இருந்தார் போலிருக்கிறது, மோட்டார் சத்தம் கேட்டது.

"அது திருப்பூரு போயிட்டுதும்மா. பத்து நாளு ஆவுது. பனியன் கம்பெனி. எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு அங்க இருக்கு, அதுதான் கூட்டிக்கிட்டுப் போச்சு."

"அங்க என்ன வேலைங்க?"

"செக்கிங்குன்னு சொன்னாங்க. துணியில ஓட்ட கீட்ட இருக்கான்னு பாக்குறது. காலுக்கு நோவு இல்லாம உக்காந்து பாக்குற வேலைன்னுதான் அனுப்புனேன். படிச்ச புள்ள, வீட்டுலயே மொடங்கிக் கெடந்தா நல்லா இருக்காதுல்ல?"

செக்கிங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த இரண்டு பெண்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அவர்கள் இருந்த கம்பெனிகளில் மேஜை இடுப்பளவு உயரம், நாற்காலி கிடையாது. காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நின்றபடியே பார்க்க வேண்டும். ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையாமல் இருந்தது.

"ஏம்மா, நல்ல வேலைதான?" என்று அன்பழகன் கேட்டார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார்.

"நல்லதுங்க" என்றேன். "காலப் பாத்துக்கச் சொல்லுங்க."

"சொல்றேம்மா. ஒங்களப் பத்தித்தான் அது அடிக்கடி சொல்லும்" என்றார். பிறகு வாய்க்காலில் தண்ணீர் முறை வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.